வெள்ளைக் கொடியும் 10 லட்சம் பிரதிகளும்: பத்தியாத்தோவின் 1981 இசைத்தட்டு

தன்னால் தாங்க முடியாத இசைகளை ஒரு பாடகர் வரிசையாகச் சொல்கிறார்: ரஷ்யக் கோரஸ்கள், போலி ராக், இத்தாலிய நியூ வேவ், இங்கிலாந்தின் ஃப்ரீ ஜாஸ் பங்க். அவருக்குப் பின்னால் விறைப்பான டிரம்ஸ் ஓடுகிறது, சின்தசைசர் கோர்வைகள் அடுக்கடுக்காக வருகின்றன, குரலில் உணர்ச்சியைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். அதாவது, இத்தாலிய நியூ வேவ் பிடிக்காது என்று இத்தாலிய நியூ வேவிலேயே பாடுகிறார். 1982-ல் நாடு முழுக்க அதைக் கூடவே பாடியது.

அந்தப் பாட்டு இருந்த எல்பிதான் இத்தாலியில் 10 லட்சம் பிரதிகளைத் தாண்டிய முதல் உள்நாட்டு இசைத்தட்டு என்று பதிவாகியிருக்கிறது. பெயர் லா வோச்சே தெல் பத்ரோனே. 1981 செப்டம்பரில் வெளியானது. மொத்தம் ஏழு பாட்டு, அரை மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதல். பாடியவர் ஃபிராங்கோ பத்தியாத்தோ. மூன்றே வருடம் முன்னால் அவர் வெளியிட்டிருந்தது, பியானோவில் ஒரே சுரக்கோர்வையை இடைவெளி விட்டு விட்டுத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் ஒரு நீண்ட படைப்பு. அதற்கு ஜெர்மானிய இசையமைப்பாளர் ஸ்டாக்ஹவுசன் பெயரிலான பரிசு கிடைத்தது. வாங்கத்தான் ஆளில்லை.

இந்தத் தாவலுக்கு வழக்கமாகச் சொல்லப்படும் காரணம், பரிசோதனைக்காரர் சந்தைக்கு இறங்கி வந்தார் என்பது. எனக்கு அது சரியாகப் படவில்லை. தட்டை இரண்டு மூன்று முறை கவனித்துக் கேட்டால், முந்தைய பத்து வருடத்தில் அவர் ஒலிநாடாவை வெட்டி ஒட்டிச் செய்துகொண்டிருந்த அதே வேலையை இங்கே சொற்களை வைத்துச் செய்திருப்பது தெரியும். கூடுதலாகச் சேர்த்தது இரண்டு: ஆட வைக்கும் தாளம், யாரும் பாடக்கூடிய பல்லவி.

அதுவரை நடந்தது

பத்தியாத்தோ 1945-ல் சிசிலியின் கிழக்குக் கரையில், எட்னா எரிமலை தெரியும் ஊரில் பிறந்தவர். 1960களின் நடுவில் மிலான் போனார். அங்கே சில சில்லறைக் காதல் பாட்டுகள் பாடினார், அவற்றை விட்டுவிடலாம். 1972-ல் பிளா பிளா என்ற சின்ன நிறுவனம் மூலம் வந்த ஃபேட்டுஸ் என்ற தட்டின் அட்டையில் கருவின் படத்தைப் போட்டு வம்பை விலைக்கு வாங்கினார். இத்தாலியில் அப்போது அதிகம் பேரிடம் இல்லாத விசிஎஸ்3 என்ற ஆங்கிலேயச் சின்தசைசர் அவர் கையில் இருந்தது. அதைத் தொடர்ந்து வந்த தட்டுகளில் பாட்டு குறைந்துகொண்டே போனது. 1974-ல் வந்த கிளிக் என்ற தட்டில் வானொலித் துணுக்குகளைத் தைத்து ஒட்டினார். அதே தட்டில் உள்ள ஒரு வாத்திய இசையை அரசுத் தொலைக்காட்சி ஒரு செய்தி நிகழ்ச்சிக்கு முகப்பிசையாக எடுத்துக்கொண்டது. ஆகவே பத்தியாத்தோ என்ற பெயரையே கேள்விப்படாத லட்சக்கணக்கானவர்கள் அவருடைய இசையைக் கேட்டிருந்தார்கள்.

அப்புறம் பெரிய நிறுவனமான ரிக்கோர்தியில் மூன்று தட்டுகள். மூன்றும் மிகக் கடினமானவை, மூன்றும் போகவில்லை. 1979-ல் இஎம்ஐ என்ற பிரிட்டிஷ் இசைத்தட்டு நிறுவனத்தின் இத்தாலியக் கிளைக்கு மாறினார். அங்கே வெளிவந்த முதல் தட்டு லேரா தெல் சிங்கியாலே பியாங்கோ, அடுத்த வருடம் பேட்ரியட்ஸ். இரண்டிலும் பாட்டு திரும்பி வந்துவிட்டது. விற்பனை ஓரளவு ஏறியது, அவ்வளவுதான்.

இங்கே ஜூஸ்தோ பியோவைக் கூப்பிட வேண்டும். அவர் இல்லாமல் இந்தக் கதை நகராது. 1926-ல் வெனெத்தோ பகுதியில் பிறந்தவர், மிலானில் அரசு வானொலியின் இசைக்குழுவில் வயலின் வாசித்தவர். பத்தியாத்தோ அவரிடம் வயலின் கற்றுக்கொள்ளப் போனார். வாத்தியாருக்கும் மாணவருக்கும் 19 வயது வித்தியாசம். பாடம் சொல்லிக்கொடுத்தவர் கூட்டு இசையமைப்பாளராக ஆனார். ஐம்பதை ஒட்டிய வயதில், வாழ்நாள் முழுக்கச் செவ்வியல் இசை வாசித்த ஒரு மனிதர், டிஸ்கோ தாளத்துக்கு மேல் வயலின் பகுதிகளை எழுத உட்கார்ந்தார். 1980களின் முதல் பாதியில் பத்தியாத்தோவின் எல்லா வெற்றிகளிலும் அவர் பெயர் சேர்ந்தே வரும்.

இந்த ஜோடிக்குச் சந்தையில் முதல் பெரிய அடையாளத்தைத் தந்தது வேறொருவரின் குரல். 1981 பிப்ரவரியில் இத்தாலியின் பெரிய பாட்டுப் போட்டியான சான்ரெமோ விழாவில் ஆலிச்சே என்ற பாடகி முதல் பரிசு வென்றது, இவர்கள் இருவரும் அவருடன் சேர்ந்து எழுதிய பேர் எலிசா பாட்டுக்கு. இருவருக்கும் ஹிட் பாட்டு செய்யத் தெரியும் என்பது அதோடு ஊருக்குத் தெரிந்துவிட்டது.

நாடு இருந்த நிலை

1978-ல் முன்னாள் பிரதமர் அல்தோ மோரோவை ரெட் பிரிகேட்ஸ் என்ற இடதுசாரித் தீவிரவாதக் குழுவினர் கடத்திக் கொன்றார்கள். 1980 ஆகஸ்ட் 2-ஆம் தேதி பொலோஞா ரயில் நிலையத்தில் வெடித்த குண்டுக்கு 85 பேர் பலி. இசையும் இந்தச் சூட்டிலிருந்து தப்பவில்லை. 1976-ல் மிலானில் பாடகர் தெ கிரெகோரியை இளைஞர்கள் மேடையிலேயே நிறுத்திவைத்து, நீ எவ்வளவு சம்பாதிக்கிறாய், புரட்சிக்கு என்ன கொடுத்தாய் என்று விசாரணை நடத்தினார்கள். அடுத்த வருடம் அமெரிக்க கிதார் கலைஞர் சந்தானாவின் நிகழ்ச்சியில் பெட்ரோல் குண்டு விழுந்தது. வெளிநாட்டுக் குழுக்கள் சில காலம் இத்தாலிப் பக்கமே தலைகாட்டவில்லை.

1980 வாக்கில் இந்த அலை ஓய ஆரம்பித்தது. ஊர்வலம் போனவர்கள் வீட்டுக்குப் போனார்கள், டான்ஸ் கூடங்களுக்குப் போனார்கள். உள்ளூர் அளவில் தனியார் வானொலி நடத்தலாம் என்று 1976-லேயே அரசியல் சாசன நீதிமன்றம் சொல்லியிருந்ததால், ஊருக்கு ஊர் எஃப்எம் நிலையங்கள் முளைத்து நாளெல்லாம் பாட்டு போட்டுக்கொண்டிருந்தன. பாட்டைக் கேட்க ஆளும் இருந்தது, போட இடமும் இருந்தது. ஆனால் போராட்டப் பாட்டை இனிமேல் நம்பிக் கேட்க முடியாது. வெறும் காதல் பாட்டைக் கேட்கவோ, படித்த இளைஞர்களுக்குக் கூச்சம். பத்தியாத்தோ வந்து உட்கார்ந்தது இந்த இடைவெளியில்.

ஸ்டூடியோவுக்குள்

பதிவு நடந்தது மிலானில், கிதார் கலைஞர் அல்பெர்த்தோ ராதியுஸின் ஸ்டூடியோவில். ராதியுஸ் 1970களில் ஃபார்முலா 3 என்ற ராக் குழுவில் இருந்தவர், இந்தத் தட்டிலும் அவர்தான் கிதார். கீபோர்டுகளில் ஃபிலிப்போ தெஸ்திரியேரி, டிரம்ஸில் அல்ஃப்ரேதோ கொலினோ, பேஸில் பாவ்லோ தொன்னாரும்மா. இதுவரை சாதாரணமான பாப் குழு. அதோடு மத்ரிகலிஸ்தி தி மிலானோ என்ற கோரஸையும் உள்ளே அழைத்தார்கள். பெயரே சொல்வதுபோல மத்ரிகல் பாடும் குழு அது. 16-ஆம் நூற்றாண்டுப் பலகுரல் இசைக்குப் பழகிய தொண்டைகள். சாதாரணமாக பாப் பாட்டில் பின்னணிப் பாடகர்கள் ‘ஊ’, ‘ஆ’ என்று நிரப்புவார்கள். இவர்கள் பல்லவியைத் தேவாலயத்தில் நிற்பதுபோல நேராக, அசையாமல் பாடுகிறார்கள். தாளம் ஆடச் சொல்லும்போது கோரஸ் எழுந்து நிற்கச் சொல்கிறது. இந்தத் தட்டின் ருசியில் பாதி இந்த முரணில்தான் இருக்கிறது என்பேன்.

தலைப்பிலும் ஒரு குறும்பு. லா வோச்சே தெல் பத்ரோனே என்றால் எஜமானின் குரல். கிராமஃபோன் குழாய்க்கு முன்னால் நாய் உட்கார்ந்திருக்கும் ஹெச்எம்வி முத்திரை நமக்கும் பழக்கம்தானே, அந்த நிறுவனத்துக்கு இத்தாலியில் இருந்த பெயர் இது. அதன் தாய் நிறுவனம் இஎம்ஐ. சம்பளம் கொடுக்கும் வீட்டின் பழைய பெயர்ப்பலகையையே கழற்றித் தன் தட்டுக்கு மாட்டிவிட்டார்.

வெட்டி ஒட்டிய வரிகள்

என்ன செய்தார் என்பதைக் கிட்டத்தில் பார்க்க, பந்தியேரா பியாங்கா பாட்டே போதும். தலைப்புக்கு வெள்ளைக் கொடி என்று பொருள். பாலத்தின் மேல் வெள்ளைக் கொடி பறக்கிறது என்பது பல்லவி. கேட்ட மாத்திரத்தில் இத்தாலியருக்குப் பள்ளிக்கூடம் ஞாபகம் வரும். 1849-ல் ஆஸ்திரியப் படை முற்றுகையிட்டு வெனிஸ் விழுந்தபோது அர்னால்தோ ஃபுசினாத்தோ எழுதிய கவிதை அது. கொள்ளைநோய் பரவுகிறது, ரொட்டி தீர்ந்துவிட்டது, பாலத்தில் வெள்ளைக் கொடி. தலைமுறை தலைமுறையாக மனப்பாடம் செய்யவைக்கப்பட்ட வரி.

அந்தத் தேசபக்தி வரிக்கு முன்னால் என்னென்ன வருகிறது பாருங்கள். தொடக்கமே அமெரிக்கப் பாடகர் பாப் டிலனின் பாட்டில் வரும் தம்புரின்காரரை விளித்து: விளையாட எனக்கு மனசில்லை, காலம் மாறப்போகிறது, சட்டையைத் திரும்பப் போட்டுக்கொள்வோம் என்கிறார். டிலன் புரட்சிக்குச் சொன்ன கால மாற்றம் இங்கே குளிருக்குச் சட்டை போடும் சமாச்சாரமாகிவிட்டது. அடுத்து, நாம் நட்சத்திரங்களின் பிள்ளைகள் என்று 1977-ன் பெரிய டிஸ்கோ பாட்டு ஒன்றின் தலைப்பை எடுத்து, அதோடு மாட்சிமை தங்கிய பணத்தின் கொள்ளுப்பேரர்கள் என்று ஒட்டுகிறார். தொலைக்காட்சியில் தேர்தல் பேச்சுகளுக்கு ஒரு இடி. பீத்தோவன், சினாத்ராவைவிட எனக்குக் காய்கறிக் கலவை பிடிக்கும், விவால்தியைவிட உலர்ந்த திராட்சை மேல், கலோரி அதிகம் என்கிறார். அடோர்னோவின் தத்துவ நூல் ஒன்றின் பெயரைத் திருகி ஒழுக்கக்கேடாக்குகிறார். கடைசியில் டோர்ஸ் என்ற ராக் குழுவின் ‘தி எண்ட்’ (முடிவு) பாட்டிலிருந்து ஒரு துண்டு.

சொந்த வரி எங்கே என்று தேடினால் குறைவாகத்தான் கிடைக்கும். வானொலி டயலைத் திருகிக்கொண்டே போனால் காதில் விழுவதைப்போல ஒவ்வொரு துணுக்கும் ஐந்து வினாடி நின்று ஓடிவிடுகிறது. 1974-ல் நிஜ வானொலியைத் திருகிப் பதிவு செய்தவர் 1981-ல் அதையே எழுத்தில் செய்கிறார். முன்பு நாலு பேர் கேட்டார்கள், இப்போது எல்லாருக்கும் ஒரு துண்டாவது தெரிந்திருந்தது. பள்ளி ஆசிரியருக்கு ஃபுசினாத்தோ, மகனுக்கு டோர்ஸ், தத்துவம் படித்த மாணவருக்கு அடோர்னோ. முழுதாகப் புரிந்தவர் யாரும் இருந்திருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அரசியலாகவும் பாட்டு சும்மா இல்லை. ஒரு தலைமுறை தோற்று வீடு திரும்பிய வருடங்களில் வெள்ளைக் கொடி என்று கோரஸ் பாடுவது எல்லாருக்கும் உறைத்திருக்கும். கிண்டல் எது, துக்கம் எது என்று பிரிக்க முடியாதபடி பாடியதுதான் சாமர்த்தியம்.

சென்த்ரோ தி கிராவித்தா பெர்மனென்தே, அதாவது நிலையான ஈர்ப்பு மையம், இன்னும் துணிச்சலானது. ஆரம்பத்தில் சொன்ன பாட்டு இதுதான். முதல் அடிகளில் மூங்கில் கைப்பிடி போட்ட காகிதக் குடையோடு ஒரு பிரத்தோன் கிழவி, அதாவது பிரான்சின் பிரித்தானி பகுதிக் கிழவி, வருகிறாள். பின்னால் தீரமிக்க கப்பல் தலைவர்கள், மாசிடோனியாவின் தந்திரக் கடத்தல்காரர்கள், அப்புறம் மிங் வம்சத்துச் சக்கரவர்த்திகளின் அரசவைக்குள் நுழைவதற்காகப் புத்த பிட்சு வேடம் போட்ட, யூக்ளிட் படித்த ஏசுசபைப் பாதிரிகள். கடைசியில் சொன்னது கற்பனை இல்லை. மத்தேயோ ரிச்சி என்ற இத்தாலியப் பாதிரி 1583-ல் சீனாவுக்குள் நுழைந்தபோது தலையை மழித்துப் பிட்சு உடை உடுத்தியவர், 1607-ல் யூக்ளிட்டின் வடிவியலைச் சீனத்தில் வெளியிட்டவர். பாட்டில் ஒரு சின்னப் பிசகு: பெய்ஜிங் போவதற்கு முன்பே அவர் பிட்சு உடையைக் கழற்றிவிட்டு அறிஞர் உடைக்கு மாறிவிட்டார். மதுரைக்காரர்களுக்கு இந்த ஆள் அன்னியமாகத் தெரிய மாட்டார். 1606-ல் மதுரைக்கு வந்து காவி கட்டித் தத்துவ போதகர் ஆன ராபர்ட் தெ நொபிலியும் அதே சபை, அதே உத்தி.

இந்தப் பகுதி கிட்டத்தட்ட ஒப்பிக்கும் வேகத்தில், குறுகிய சுர எல்லைக்குள் ஓடுகிறது. அசைகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறி விழுகின்றன. கேட்பவர் எதையும் பிடித்துவைத்துக்கொள்ள முடியாமல் தவிக்கும்போது பல்லவி திறக்கிறது, உயிரெழுத்துகள் நீள்கின்றன: ஒரு நிலையான ஈர்ப்பு மையத்தைத் தேடுகிறேன், மனிதர்களைப் பற்றியும் விஷயங்களைப் பற்றியும் என் எண்ணம் மாறாமல் இருக்க வேண்டும். மூச்சுமுட்டும் பட்டியலுக்குப் பிறகு வரும் இந்த ஆசை எவருக்கும் புரியும். ஈர்ப்பு மையம் என்ற கருத்து குர்ஜியெஃப் என்ற ஆன்மிக ஆசானிடமிருந்து வந்தது. மனிதன் நிமிடத்துக்கு ஒரு ஆளாக மாறிக்கொண்டிருக்கிறான், உள்ளே ஒரு நிலையான மையம் உருவானால்தான் அவன் ஒரே ஆள் என்பது அவர் போதனை. அப்படிப் பார்த்தால் பாட்டின் அமைப்பே போதனைதான். சிதறல் முதலில், மையத்துக்கான ஏக்கம் பின்னால். இது தெரியாமலேயே கடற்கரையில் நின்று ஆடிப் பாடலாம், லட்சக்கணக்கானோர் அப்படித்தான் பாடினார்கள். தொலைக்காட்சியில் பத்தியாத்தோ கறுப்புக் கண்ணாடியும் கோட்டுமாக, கைகளை வெட்டி வெட்டி அசைத்து ஆடியதைப் பார்த்தால், ஆடத் தெரியாததை மறைக்கக்கூட அவர் மெனக்கெடவில்லை என்று தோன்றும்.

மற்ற பாட்டுகளில் குக்குருக்குக்கு வேடிக்கையானது. இளமை நினைவுகள், நீல மை ஊற்றிய பேனா, ஹோமரின் கடுங்கோபத்தை ஈரான் எல்லை தாண்டும் ஆப்கன் அகதிகள் மேல் ஏற்றும் ஒரு வரி. சோவியத் படை ஆப்கானிஸ்தானுக்குள் புகுந்து இரண்டு வருடம்கூட ஆகாத சமயம். முடிவில் பீட்டில்ஸ், ரோலிங் ஸ்டோன்ஸ், டிலன் பாட்டுத் தலைப்புகளையும் வரிகளையும் கோத்து ஒரு பத்தி. தட்டைத் திறக்கும் கடற்கரைப் பாட்டில் தூரத்துத் திறந்தவெளித் திரையரங்கின் எதிரொலி மணலுக்கு வந்து சேர்கிறது. கோடை விடுமுறைப் பாட்டு என்று நினைத்தால், பல்லவி கடலே என்னை மூழ்கடி என்கிறது. பறவைகளைப் பற்றிய லி உச்செல்லியை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். விமானத்தைவிட அழகாகத் தரையிறங்குகின்றன என்று சொல்லிவிட்டு, அவற்றின் பறத்தலை வடிவியல் மொழியில் விவரிக்கும் பாட்டு அது. பியோவின் தந்திக் கருவிகள் அங்கே அலங்காரமாக இல்லாமல், பாட்டையே தூக்கிக்கொண்டு போகின்றன. இருளும் நேரத்து வீட்டு விளக்குகளிலிருந்து விலகிச்செல்லும் நட்சத்திர மண்டலங்களுக்குத் தாவும் செஞ்ஞாலி தி வீத்தா அதற்கு அடுத்தபடி.

எனக்கு உறுத்துவது கடைசிப் பாட்டு செந்திமியேந்தோ நுவேவோ. மெட்டு அபாரம். வரிகளில் ஜப்பானியக் கெய்ஷாக்கள், லிபியத் தாசிகள், கிரேக்க மல்யுத்தம், கூடவே தாந்திரிக சைவமும் வந்துவிடுகிறது. சைவம் பக்கத்துத் தெருக் கோயிலில் இருக்கும் ஊர்க்காரருக்கு, டிஸ்கோ தாளத்தில் அது சிற்றின்ப மசாலாவாக வருவது நெளியத்தான் வைக்கும். மற்றப் பாட்டுகளில் துணுக்குகள் ஒன்றோடொன்று மோதிப் புதிதாக ஏதோ பிறக்கிறது, இங்கே கிழக்குத் திசையின் பெயர்கள் வெறுமனே கண்ணாடிப் பெட்டியில் அடுக்கப்பட்டிருக்கின்றன. இத்தனைக்கும் கிழக்கு அவருக்கு மேலோட்டமான ஆர்வம் கிடையாது. அரபு மொழி கற்றவர், சூஃபி மரபில் தோய்ந்தவர், வளைகுடாப் போருக்குப் பிறகு 1992-ல் பாக்தாதுக்கே போய் அந்நாட்டு இசைக்குழுவோடு கச்சேரி செய்தவர்.

விற்பனையும் அதற்குப் பிறகும்

தட்டு வந்தவுடன் பறந்துவிடவில்லை. வானொலியிலும் டான்ஸ் கூடங்களிலும் பரவி, 1982-ல்தான் உச்சிக்குப் போனது. அந்த வருடத்தின் மிக அதிகம் விற்ற எல்பி அதுவே. இத்தாலி உலகக் கோப்பை வென்ற கோடை அது. அதே கோடையின் இன்னொரு பெரிய பாட்டு, ஜூனி ருஸ்ஸோ பாடிய உனெஸ்தாத்தே அல் மாரே, அதுவும் பத்தியாத்தோ, பியோ கைவண்ணம். பழைய ரசிகர்களில் சிலர் முகம் சுளித்தார்கள், அர்த்தமில்லாத வரிகள் என்று விமர்சனமும் வந்தது.

அடுத்த தட்டு லார்க்கா தி நோயே அதே வருடக் கடைசியில் வந்து நன்றாக விற்றது. ஆனால் உத்தி அதில் கொஞ்சம் வெளியே தெரிகிறது, முதல் முறை வியந்த விஷயத்துக்கு இரண்டாம் முறை காத்திருக்கப் பழகிவிடுகிறோம். 1984-ல் ஆலிச்சேயோடு, ஐரோப்பிய நாடுகளுக்கிடையிலான பாட்டுப் போட்டியான யூரோவிஷனுக்குப் போய் ஐந்தாம் இடம். பத்தியாத்தோ அதன்பின் மெல்ல பாப்பிலிருந்து நகர்ந்து ஆபெரா எழுதப் போனார், ஜெனேசி 1987-ல் பார்மாவில் அரங்கேறியது. 2021 மே மாதம் எட்னா சரிவில் உள்ள மிலோ என்ற ஊரில் காலமானார். பியோ அவருக்கு நான்கு வருடம் முன்பே போய்விட்டார்.

இந்த ஆய்வில் என் விளக்கத்துக்கு அடங்காத ஒரு விஷயம் உண்டு. 1985-ல் இந்தப் பாட்டுகளில் சில ஸ்பானியத்திலும் ஆங்கிலத்திலும் பதிவாகி வெளிவந்தன. ஆங்கிலத் தட்டு சொல்லும்படி எடுபடவில்லை. தெரிந்த துணுக்குகள்தான் இத்தாலியரைப் பிடித்தன என்ற என் கணக்குப்படி ஸ்பெயினிலும் அதே கதி ஆகியிருக்க வேண்டும், அங்கே ஃபுசினாத்தோவை யார் மனப்பாடம் செய்தார்கள்? ஆனால் ஸ்பெயினில் ஈர்ப்பு மையம் பெரிய ஹிட், பத்தியாத்தோவுக்கு அங்கே நிரந்தரமாக ஒரு கூட்டம் சேர்ந்தது. ஜெனரல் பிராங்கோவின் சர்வாதிகாரம் முடிந்து பத்து வருடமே ஆன நாடு, பெரிய கொள்கைகளைக் கேட்டுச் சலித்த இளைஞர்கள், இரவெல்லாம் டான்ஸ். 1981-ன் மிலானோடு அந்த மனநிலை நிறையவே ஒத்துப்போகிறது. அப்படியானால் துணுக்குகள் எவை என்பதைவிட, எதையும் முழுதாக நம்பாத காதுகள் அவற்றைக் கேட்டதுதான் முக்கியமோ என்னவோ. ஆங்கிலப் பதிவு தோற்றதற்கு இன்னும் எளிய காரணம் சொல்லலாம்: பிரத்தோன் கிழவியும் மாசிடோனியக் கடத்தல்காரர்களும் இத்தாலிய உயிரெழுத்துகளில் வழுக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஸ்பானியத்திலும் ஓடுகிறார்கள், ஆங்கிலத்தில் ஒவ்வொரு சொல்லிலும் தடுக்கி விழுகிறார்கள்.